குப்பைக் குழாய், நீலத் தொட்டி, வாசகர் சந்தேகங்கள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் குப்பை பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இம்மாதப் பதில்கள். தனியார் கூட்டுரிமை வீடுகளில் நிர்வாகக் குழு தனியாக விதி வைத்திருக்கும். அங்கே குடியிருப்போர் அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

கே: எங்களுடையது பழைய மூவறை வீடு. சமையலறைக்குள்ளேயே குப்பைக் குழாயின் வாய் இருக்கிறது. எத்தனை மருந்தடித்தாலும் கரப்பான் பூச்சி வந்துகொண்டே இருக்கிறது. குப்பையைப் பையில் கட்டித்தான் போடுகிறோம். வேறு என்ன செய்வது? (தோ பாயோ வாசகி)

ப: பூச்சி பெருகும் இடம் குழாய், உங்கள் வீட்டுக்கு அது விருந்தாளியாக வருகிறது. மேல்மாடியிலிருந்து தரைத்தளம் வரை நேராக இறங்கும் அந்த ஒரே குழாயை உங்களுக்கு மேலேயும் கீழேயும் இருக்கும் எல்லா வீட்டாரும் பகிர்ந்துகொள்கிறார்கள். யாரோ ஒருவர் மீன் குழம்பைக் கட்டாமல் கவிழ்த்தால் போதும், அது சுவரில் வழிந்து காய்ந்து பல மாடிகளுக்குத் தீனியாகிவிடும். ஏறத்தாழ 1989க்குப் பிறகு கட்டப்பட்ட வீவக புளோக்குகளில் குழாயின் வாயை வீட்டுக்கு வெளியே, பொது இடத்தில் வைத்தார்கள். உங்களுடையது அதற்கு முந்தைய அமைப்பு.

குழாய் வாயைத் திறந்து உள்ளே மருந்தடிப்பதை நிறுத்துங்கள். வாடை தாங்காத பூச்சி மேலேயோ கீழேயோ ஓடி, இடுக்குள்ள முதல் மூடி வழியாக வெளியே வரும். பெரும்பாலும் அது மருந்தடித்தவரின் வீட்டு மூடிதான். குழாய்க்குள் மருந்தடிப்பதும் கழுவுவதும், பேட்டையின் பொது இடங்களைப் பார்த்துக்கொள்ளும் நகர மன்றத்தின் வேலை. அவர்கள் செய்யும் நாளை மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். அன்று மூடியின் ஓரம் முழுக்க அகலமான ஒட்டுநாடா ஒட்டி, மறுநாள் வரை பிரிக்காமல் வைத்திருங்கள்.

அடுத்தது மூடி. ஒரு துண்டுக் காகிதத்தை ஓரத்தில் வைத்து மூடியைச் சாத்தி, காகிதத்தை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பட்டை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நான்கு பக்கமும் இப்படிப் பார்க்கவும். வன்பொருள் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும், பின்பக்கம் பசையுள்ள கதவிடுக்குப் பட்டையை அளந்து ஒட்டலாம். ஆனால் அதற்கு முன் பழைய பசையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சுரண்டி எடுத்து, துடைத்து, நன்றாகக் காய வைக்க வேண்டும். ஈரத்தில் ஒட்டிய பட்டை சீக்கிரமே கழன்று தொங்கும். மூடியின் உள்பக்கத் தகட்டை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். பை உரசி உரசி அங்கேதான் பிசுக்கு சேரும்.

பையைக் கட்டுவதிலும் கவனம் வேண்டும். மிச்சக் குழம்பு, ரசம், டீத்தூள் எல்லாவற்றையும் வடிதட்டில் கொட்டி நீரை வடித்துவிட்டு, சக்கையை மட்டும் செய்தித்தாளில் பொதிந்து பையில் போடுங்கள். பை முக்கால் பங்கு நிறைந்ததும் காற்றை அமுக்கி வெளியேற்றி, கழுத்தை முறுக்கி முடிச்சுப் போடுங்கள். காற்றோடு கட்டிய பை விழுந்த வேகத்தில் வெடிக்கும். மீன் செதில், இறால் ஓடு, கோழி எலும்பு இருந்தால் இரண்டு பை போடவும். பேரங்காடிப் பைக்கு 5 காசு கட்டணம் வந்த பிறகு மெல்லிய காய்கறிப் பையிலேயே எல்லாவற்றையும் கட்டுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். மீன் முள்ளுக்கு அது தாங்காது.

குழாய் அடைத்துக்கொண்டால் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், வெந்நீரும் ஊற்றாதீர்கள். அடைத்த குப்பை இன்னும் இறுகும். நகர மன்றத்தின் 24 மணி நேர எண்ணுக்குச் சொன்னால் ஆள் வருவார்கள். அதுவரை குப்பையைப் பையோடு வீட்டில் வைத்திருங்கள்.

நம்மவர் வீடுகளுக்கென்று இரண்டு சொல்ல வேண்டும். சாம்பிராணிக் கரி வெளியே சாம்பல் பூத்திருந்தாலும் உள்ளே வெகுநேரம் கனன்றுகொண்டிருக்கும். குழாய்த் தீக்கு அது ஒன்றே போதும். கரியைக் கிண்ணத் தண்ணீரில் முழுக்க நனைத்து, கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். ஊதுபத்திக் குச்சிக்கும் இதுவே. பொங்கலுக்கு வாங்கிய கரும்பை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, பையில் கட்டித்தான் போட வேண்டும். முழக் கரும்பு குறுக்கே மாட்டினால் புளோக் முழுக்கத் திண்டாடும். வாழைக்கன்றை நறுக்கியும் போட வேண்டாம், நகர மன்றத்திடம் சொல்லிவிடுங்கள்.

கே: எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து சிகரெட் துண்டு விழுந்தது கேமராவில் பதிவாகியிருப்பதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எனக்குப் புகைப்பழக்கமே இல்லை. அந்த நேரத்தில் நான் வேலையில் இருந்தேன். வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருக்கிறேன். என்ன செய்வது? (பொங்கோல் வாசகர்)

ப: கடிதத்தை ஓரமாக வைத்துவிடாதீர்கள். 2023 ஜூலை 1 முதல், ஒரு வீட்டிலிருந்து குப்பை வீசப்பட்டது என்று தெரிந்தால் அதன் உரிமையாளர்தான் வீசினார் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. முழு வீட்டையும் வாடகைக்கு விட்டிருந்தால் குடியிருப்பவர் வீசியதாகக் கொள்ளும். முன்பெல்லாம் ஜன்னல் தெரியும், முகம் தெரியாது. வழக்கு அத்தோடு நின்றுவிடும். அதற்காகத்தான் இந்த மாற்றம்.

இதை மறுக்க உங்களுக்கு 14 நாள் அவகாசம் உண்டு. இரண்டு வழி: அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இல்லை என்று காட்டலாம், அல்லது யார் வீசினார் என்று அடையாளம் காட்டலாம். வேலையிட வருகைப் பதிவு, பணி அட்டவணை, பயண அட்டையின் விவரம், வெளிநாட்டில் இருந்திருந்தால் பயணச் சான்று, இவற்றில் எது இருக்கிறதோ அதை எடுத்துவையுங்கள். கடிதத்தில் உள்ள தேதி, நேரத்தோடு அது பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். மாலை 7 மணி சம்பவத்துக்குக் காலை வருகைப் பதிவைக் காட்டிப் பயனில்லை. 'நான் புகைப்பதில்லை' என்று எழுதுவது மட்டும் போதாது. அறையில் இருப்பவரிடம் நேரடியாகப் பேசுங்கள். உறவு கெட்டுவிடும் என்று சும்மா இருந்தால் பழி உங்கள் பெயரிலேயே நிற்கும்.

தண்டனை எவ்வளவு என்று பலர் கேட்டிருந்தார்கள். பொது இடத்தில் குப்பை போடும் குற்றத்துக்கு நீதிமன்றம் முதல் தடவை 2,000 வெள்ளி வரையும், இரண்டாம் தடவை 4,000 வரையும், அதற்கு மேல் 10,000 வரையும் அபராதம் விதிக்கலாம். கீழே நின்று சிறு குப்பை போட்டுப் பிடிபடும் முதல் தடவைக்காரர் பெரும்பாலும் 300 வெள்ளியோடு, நீதிமன்றம் போகாமல் தப்பிவிடுவார். அபராதத்தோடு சீர்திருத்த வேலை உத்தரவும் வரலாம். பளிச்சென்ற மேற்சட்டை போட்டுக்கொண்டு பொது இடத்தைக் கூட்ட வேண்டும், மொத்தம் 12 மணி நேரம் வரை. 1992 முதல் இருக்கும் தண்டனை இது. பணம் உள்ளவர்களுக்கு அபராதத்தைவிட இது உறைக்கிறது என்பது எங்கள் கருத்து.

பூந்தொட்டி, மூங்கில் கழி, புட்டி என்று ஆளைக் காயப்படுத்தக்கூடியது விழுந்தால் கதையே வேறு. அது தண்டனைச் சட்டத்தின் கீழ் போகும், சிறையும் கிடைக்கலாம். வீவக வீட்டையே திரும்ப எடுத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. ஜன்னல் விளிம்பில் துளசித் தொட்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே உள்ளே எடுத்துவையுங்கள்.

கே: மறுபயனீட்டுக்கான நீலத் தொட்டியில் போடுவதையும் கடைசியில் குப்பையோடு சேர்த்து எரித்துவிடுகிறார்கள் என்கிறார் என் கணவர். அப்படியானால் கழுவிப் பிரித்துப் போட்டு என்ன பலன்? (புக்கிட் பாத்தோக் வாசகி)

ப: உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நீலத் தொட்டிக்கு வரும் லாரி தனி. அது பொருள்களை ஒரு பிரிப்புக்கூடத்துக்குக் கொண்டுபோகும். அங்கே நகரும் பட்டையின் இருபக்கமும் ஆட்கள் நின்று காகிதம், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி என்று கையால் பொறுக்கிப் பிரிக்கிறார்கள். ஆனால் தொட்டியில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு லாயக்கில்லாமல் போய், எரியாலைக்குத்தான் அனுப்பப்படுகிறது. வீட்டு மறுபயனீட்டு விகிதம் 2024இல் 11 விழுக்காடாக இறங்கிவிட்டது. வீட்டுக்கு வீடு நீலநிறப் பெட்டியை இலவசமாகக் கொடுத்தது 2023இல். பெட்டி மட்டும் பழக்கத்தை மாற்றிவிடாது போலிருக்கிறது.

கெடுப்பது எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் எதிரி ஈரம். மூடி இறுக்காத ஒரு மைலோ டப்பாவில் மிச்சமிருக்கும் இரண்டு மடக்கு பானம், பக்கத்தில் இருக்கும் அட்டைப்பெட்டிகளை ஊற வைத்துவிடும். ஊறிய காகிதத்தின் நார் தளர்ந்துவிடும், பூஞ்சையும் பிடிக்கும், அதை வாங்க ஆளில்லை. எண்ணெய் அதைவிட மோசம். முர்தபா பொட்டலம் கட்டிய பழுப்புக் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். எண்ணெய் ஏறிய இடம் கண்ணாடி மாதிரி ஒளி விடும். அந்தத் தாளைக் கூழாக்கும்போது எண்ணெய் பிரியாது, ஆகவே அது நேரே குப்பைக்குத்தான். பீட்சா பெட்டியில் கறை படாத மேல்மூடியைக் கிழித்து நீலத் தொட்டியிலும், அடித்தட்டைக் குப்பையிலும் போடலாம்.

கழுவுவது என்றதும் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டுமா என்று பயப்படாதீர்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரையே உள்ளே ஊற்றிக் குலுக்கிக் கொட்டினால் போதும். ஊறுகாய்ப் புட்டி, நெய் டப்பா என்றால் மட்டும் கொஞ்சம் சூடான தண்ணீர். கவிழ்த்து வைத்து, சொட்டுவது நின்றதும் போடுங்கள். காகிதம், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி நான்கையும் ஒன்றாகவே போடலாம், வீட்டில் தனித்தனியாகப் பிரிக்கத் தேவையில்லை. பால், பழச்சாறு அட்டைப்பெட்டியும் சேரும். அலசி, தட்டையாக்கிப் போடவும்.

நல்லெண்ணத்தில் தப்பாகப் போடப்படுபவை: பழைய துணி, செருப்பு, தலையணை, பொம்மை, பீங்கான் தட்டு, ஸ்டைரோஃபோம் பெட்டி, டிஷ்யூ. 'யாராவது எடுத்துக்கொள்ளட்டும்' என்று போட்ட புடவையை யாரும் எடுப்பதில்லை. அது பிரிப்புக்கூட இயந்திரத்தில் சுற்றிக்கொண்டு வேலையை நிறுத்தும். நல்ல நிலையில் உள்ள துணிக்குத் தனியாகத் துணி சேகரிப்புத் தொட்டிகள் இருக்கின்றன.

2014க்குப் பிறகு திட்டமிடப்பட்ட வீவக புளோக்குகளில் மறுபயனீட்டுக்கென்று இரண்டாவது குழாயே உண்டு. அதன் வாய்க்கு மேல் எழுதியிருப்பதை விருந்தாளிகளுக்கும் பணிப்பெண்ணுக்கும் ஒருமுறை காட்டிவிடுங்கள். மாறிப் போடுவது பெரும்பாலும் அவசரத்தில்தான்.

கே: போத்தலுக்கு 10 காசு திரும்பக் கிடைக்கும் திட்டத்தில் எங்கள் வீட்டுப் போத்தல் எல்லாம் சேருமா? (செங்காங் வாசகர்)

ப: 2026 ஏப்ரல் 1ஐத் தொடக்க நாளாகக் கொண்ட திட்டம் அது. 150 மில்லி முதல் 3 லிட்டர் வரையுள்ள பிளாஸ்டிக் போத்தல், உலோக டின் பானங்களுக்குப் பொருந்தும். கண்ணாடிப் புட்டியும் அட்டைப்பெட்டியும் சேராது, அவை வழக்கம்போல் நீலத் தொட்டிக்கு. போத்தலில் வைப்புத்தொகைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறியில்லாத பழைய சரக்குக்குக் காசு வராது. இத்தனை நாள் இடம் அடைக்கிறது என்று போத்தலை நசுக்கிப் போட்டுப் பழகிவிட்டோம். இதற்கு நசுக்கக் கூடாது, மேல்தாளையும் கிழிக்கக் கூடாது. இயந்திரம் வரிக்குறியைப் படித்துத்தான் காசு தரும்.

கே: பழைய சோபாவும் குளிர்பதனப் பெட்டியும் இருக்கின்றன. ராத்திரியில் மின்தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டால் காலையில் எடுத்துவிடுகிறார்கள். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். தப்பா? (ஈசூன் வாசகர்)

ப: தப்புதான். எடுத்துப் போகிறார்கள் என்பதற்காக அது அனுமதி ஆகாது. தளத்தின் பொது நடைபாதையில் ஆட்கள் தப்பிக்க 1.2 மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. மூன்று இருக்கை சோபா குறுக்கே நின்றால் தூக்குப்படுக்கைகூடப் போகாது.

சோபாவுக்கு நகர மன்றத்தை அழைத்து நாள் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நகர மன்றங்கள் ஒரு வீட்டுக்கு மாதம் மூன்று பெரிய பொருள் வரை இலவசமாக அகற்றுகின்றன. அழைக்கும்போது பொருளின் அளவையும் எந்த மாடி என்பதையும் சொல்லுங்கள். அலமாரியைக் கழற்றி வைக்கச் சொல்லலாம். கண்ணாடிக் கதவு இருந்தால் முன்பக்கம் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுநாடா ஒட்டிக் கொடுங்கள், தூக்குகிறவரின் கை வெட்டுப்படாமல் தப்பும்.

குளிர்பதனப் பெட்டிக்கு வேறு வழி இருக்கிறது. 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிப்படி, புதுப்பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் கடைக்காரர் பழையதை இலவசமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கு ஒன்று, அதே வகை. சலவை இயந்திரம், தொலைக்காட்சி, குளிர்சாதனம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வாங்கும்போதே பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கொண்டுவரும் அன்று வாசலில் வந்து கேட்டால், வண்டியில் இடமில்லை என்பார்கள். பெட்டியை முதல் நாளே அணைத்து, பனி கரைந்து, தண்ணீரைத் துடைத்து வையுங்கள்.

வீட்டுப் புதுப்பிப்பில் மிஞ்சும் ஓடு, சிமெண்டு, பலகை எல்லாம் குத்தகைக்காரர் பொறுப்பு. அதைக் குழாயில் தள்ள விடாதீர்கள், சிமெண்டு உள்ளேயே இறுகும்.

கே: உப்பிய பவர் பேங்க் ஒன்று மேசை இழுப்பறையில் கிடக்கிறது. எதில் போடுவது? (உட்லண்ட்ஸ் வாசகி)

ப: முதலில் அதை மெத்தை, திரைச்சீலை, காகிதம் இல்லாத இடத்துக்கு மாற்றுங்கள், ஓட்டுத் தரையில் அல்லது உலோகப் பாத்திரத்தில் வைத்தால் நல்லது. மின்னூட்டவும் அழுத்தவும் வேண்டாம், குத்திக் காற்றை விடுவது என்ற பேச்சே கூடாது. குப்பைக் குழாய், நீலத் தொட்டி இரண்டிலும் போடக் கூடாது. லாரி அமுக்கும்போது லித்தியம் மின்கலம் உடைந்து தீப்பிடிக்கும். கடைத்தொகுதிகளில் இருக்கும் மின்கழிவுத் தொட்டியும் நல்ல நிலையில் உள்ளதற்குத்தான். உப்பியதை எங்கே நேரில் ஒப்படைப்பது என்று மின்கழிவுத் திட்டத்தை நடத்தும் நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு கையில் கொடுங்கள்.

நல்ல மின்கலங்களைத் தொட்டியில் போடும் முன் இரு முனையிலும் ஒட்டுநாடா ஒட்டவும். சில தொட்டிகள் மின்கலமும் விளக்கும் மட்டும் வாங்குபவை, வாயில் எழுதியிருப்பதைப் பார்த்துப் போடவும்.

கே: ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் தினமும் காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் சாப்பிடுவார். நடைபாதைக் கைப்பிடிச் சுவரில் ஒரு பிடி வைக்கிறார். பக்கத்து வீட்டார் புகார் செய்யப்போவதாகச் சொல்கிறார்கள். (அங் மோ கியோ வாசகி)

ப: சங்கடமான விஷயம்தான், ஆனால் பக்கத்து வீட்டார் பக்கம் சட்டம் இருக்கிறது. வனவிலங்குச் சட்டப்படி காட்டுப் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் உணவு வைப்பது குற்றம். புறாவுக்குத் தீனி போட்டு நீதிமன்றம் போனவர்கள் இருக்கிறார்கள். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். சுவரிலிருந்து சோறு கீழே விழுந்தால் அது உயரத்திலிருந்து குப்பை போட்ட கணக்கிலும் சேரும். ஒரு பிடிச் சோற்றுக்கு காக்கை மட்டும் வருவதில்லை, புறா, மைனா, ராத்திரியில் எலி எல்லாம் வரும்.

அத்தையிடம் அபராதத்தைச் சொல்லி மிரட்டுவதைவிட, பிடிச் சோற்றை ஒரு வாழை இலைத் துண்டில் சாமி மாடத்தில் படைத்துவிட்டுப் பிறகு வீட்டாரே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். அமாவாசை, திதி நாளுக்கு எப்படிச் செய்யலாம் என்று கோயில் குருக்களிடம் கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வைத்தால் பெரியவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

கே: சாப்பிட்ட தட்டை நாமே திருப்பி வைக்க வேண்டும் என்கிறார்கள். தேக்காவில் வாழை இலையில் சாப்பிட்டால் தட்டே இல்லையே, எதைத் திருப்பி வைப்பது? (சிராங்கூன் வாசகர்)

ப: பரிமாறுகிற உணவகத்தில் இந்தக் கேள்வியே வராது, அவர்களே எடுப்பார்கள். உணவங்காடி நிலையத்தில் தட்டு இல்லாவிட்டாலும் மேசையில் குப்பையை விட்டுப் போகக் கூடாது. இலையை மடித்து, டிஷ்யூ, கரண்டி, குவளை எல்லாவற்றோடும் எடுத்துத் தட்டு வைக்கும் இடத்தில் போட வேண்டும். உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பர் 1 முதலும், காப்பிக் கடைகளிலும் உணவுக்கூடங்களிலும் 2022 ஜனவரி 1 முதலும் இது கட்டாயம். முதல் தடவை எழுத்தில் எச்சரிக்கை, இரண்டாம் தடவை 300 வெள்ளி. தூக்க முடியாத முதியவர்களிடமும் உடற்குறை உள்ளவர்களிடமும் கெடுபிடி காட்டமாட்டார்கள்.

கே: தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட எண்ணெய் இரண்டு லிட்டர் மிச்சம். கழுவுதொட்டியில் வெந்நீரோடு ஊற்றலாமா? (ஜூரோங் வெஸ்ட் வாசகி)

ப: கூடாது. வெந்நீர் எண்ணெயை உங்கள் குழாயிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி, ஆறிய இடத்தில் உறைய வைக்கும். அடைப்பு கீழ்வீட்டுக்காரர் தலையில் விடியும். வெளியே மழைநீர்க் கால்வாயில் ஊற்றுவது அதைவிட மோசம். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அந்தக் கால்வாய் போய்ச் சேர்வது பெரும்பாலும் நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்கு.

எண்ணெய் முழுக்க ஆறியதும் வடிகட்டி, மூடி இறுகும் பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றுங்கள். சில பேட்டைகளில் பழைய சமையல் எண்ணெய் வாங்கும் இடங்கள் உண்டு, உங்கள் சமூக மன்றத்தில் விசாரியுங்கள். இல்லையென்றால் பழைய செய்தித்தாளையோ கிழிந்த துணியையோ பையில் திணித்து, எண்ணெயை அதில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச விட்டு, இரண்டு பையில் கட்டிக் குழாயில் போடலாம். இரண்டு லிட்டரையும் ஒரே பையில் அடைக்க வேண்டாம், நான்கு பையாகப் பிரித்து நான்கு நாளில் போடவும்.

கே: இத்தனையும் கடைசியில் எங்கே போகிறது? (தெம்பனிஸ் மாணவர்)

ப: எரியாலைக்கு. எரித்தால் குப்பையின் கன அளவில் ஏறத்தாழ 10 விழுக்காடு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலையும் எரிக்க முடியாத கழிவையும் துவாஸிலிருந்து படகில் ஏற்றி, தெற்கே கடலில் இருக்கும் செமாக்காவ் நிரப்பிடத்தில் கொட்டுகிறார்கள். 1999இல் திறந்த இடம் அது. இப்போது கொட்டும் வேகத்தில் 2035 வாக்கில் நிரம்பிவிடும்.